கொடை குறைந்தது, கடன் வளர்கிறது

நடுவண் அரசு ஓர் ஏழை மாணவனுக்குக் கைகொடுக்க இரு வழிகள் உள்ளன. ஒன்று, திரும்பக் கேளாத உதவித்தொகை. மற்றொன்று, வங்கியின் வழியாக வட்டியோடு திரும்பக் கேட்கும் கடன். வரவு செலவுத் திட்ட ஏட்டில் இவ்விரண்டும் அடுத்தடுத்த வரிகளாகத் தோன்றலாம். கூலி வேலைக்குச் செல்லும் தந்தையின் வீட்டிலிருந்து பார்ப்போர்க்கு அவை ஒன்றல்ல. அண்மை ஆண்டுகளில் முதல் வழி குறுகி வருவதையும் இரண்டாம் வழி அகன்று வருவதையும் காண்கிறோம். நம் சமுதாய மாணவரைப் பொறுத்தவரை இம்மாற்றம் எத்தகையது என்பதைப் பெரியோர் முன் வைப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

2005ஆம் ஆண்டில் அமைக்கப்பெற்ற நீதியரசர் சச்சார் குழு 2006 நவம்பரில் தன் அறிக்கையை அளித்தது. 20 வயதைக் கடந்த முஸ்லிம்களுள் பட்டமோ பட்டயமோ பெற்றோர் நூற்றுக்கு நால்வருக்கும் குறைவு என்று அது எடுத்துக்காட்டியது. நாட்டின் பொதுநிலை ஏறத்தாழ எழுவர். இவ்விடைவெளியை நிரப்பவே சிறுபான்மையினர்க்கான உதவித்தொகைத் திட்டங்கள் 2007ஆம் ஆண்டு தொடங்கி ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. பள்ளிப் படிப்பிற்கு ஒன்று, மேற்படிப்பிற்கு ஒன்று, தொழிற்கல்விக்குத் தகுதியும் வறுமையும் சேர்த்துப் பார்க்கும் ஒன்று. இவற்றில் 30 விழுக்காடு மாணவியர்க்கென ஒதுக்கப்பெற்றது. 2009இல் ஆராய்ச்சி மாணவர்க்கு மௌலானா ஆசாத் பெயரால் தேசிய ஆய்வு உதவித்தொகை வந்தது. வெளிநாட்டில் முதுகலையும் ஆய்வும் பயில்வோர் பெறும் கடனுக்குப் படிப்புக் கால வட்டியை அரசே செலுத்தும் 'படோ பர்தேஷ்' திட்டமும் பின்னர் வந்தது.

தொகை பெரிதன்று. கலைக்கல்லூரியில் வீட்டிலிருந்து வந்து பயிலும் மாணவனுக்குத் திங்கள் ஒன்றுக்கு ரூ. 300, விடுதி மாணவனுக்கு ரூ. 570. இன்று பேருந்துக் கட்டணத்திற்கே போதாத தொகைதான். எனினும் ஒரு தாய் தன் மகளைப் பன்னிரண்டாம் வகுப்போடு நிறுத்தாமல் கல்லூரிக்கு அனுப்ப இந்தச் சிறு தொகையும் ஒரு காரணமாக இருந்ததை ஆசிரியப் பெருமக்கள் அறிவர்.

2022ஆம் ஆண்டு காற்று திசை மாறியது. பள்ளி உதவித்தொகை ஒன்பது, பத்தாம் வகுப்புகளுக்கு மட்டும் என்று சுருக்கப்பட்டது. எட்டாம் வகுப்பு வரை கட்டாய இலவசக் கல்வி உள்ளதே என்பது விளக்கம். அவ்வாண்டு டிசம்பரில், ஆசாத் ஆய்வு உதவித்தொகை பிற திட்டங்களோடு ஒன்றன்மேல் ஒன்று படிவதால் நிறுத்தப்படுவதாக மக்களவையில் அறிவிக்கப்பட்டது. படோ பர்தேஷும் நின்றது. தொழிற்கல்வி உதவித்தொகைக்கு 2022-23இல் ரூ. 365 கோடி ஒதுக்கியோர் அடுத்த ஆண்டு ரூ. 44 கோடி ஒதுக்கினர். மேற்படிப்பு உதவித்தொகையின் ஒதுக்கீடு அவ்வாண்டு உயர்ந்ததையும் சொல்லிவிடுதல் முறை. 1989இல் தோன்றிய மௌலானா ஆசாத் கல்வி அறக்கட்டளையை மூடும் ஆணை 2024 பிப்ரவரியில் பிறந்தது.

திட்டங்கள் ஒன்றன்மேல் ஒன்று படிகின்றன என்ற வாதத்தை நாம் முற்றிலும் தள்ளவில்லை. தமிழகத்தில் முஸ்லிம்களுள் பெரும்பான்மையோர் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலில் உள்ளனர்; 2007 முதல் 3.5 விழுக்காடு தனி இட ஒதுக்கீடும் உண்டு. ஆயின் நாட்டின் முஸ்லிம்கள் அனைவரும் அப்பட்டியலில் இல்லை. உள்ளவர்க்கும் இரு வாயில்கள் இருந்த இடத்தில் இன்று ஒன்றே உள்ளது.

முறைகேட்டையும் மறைக்க வேண்டியதில்லை. 2023இல் அமைச்சகம் ஆராய்ந்த 1,572 கல்வி நிறுவனங்களுள் 830 போலியானவை அல்லது இயங்காதவை எனக் கண்டறியப்பட்டு, வழக்கு மத்தியப் புலனாய்வுத் துறையிடம் சென்றது. இழப்பு ரூ. 144.83 கோடி. ஏழையின் பெயரால் இத்தொகையை விழுங்கியோர் எவராயினும் தண்டனைக்குரியோரே. கள்ளச் சாவி செய்தவனைப் பிடிக்க வேண்டும். பள்ளியின் கதவையே பூட்டுவது எந்த நீதி?

இனிக் கடனுக்கு வருவோம். 2024 நவம்பரில் அமைச்சரவை ஒப்பிய பிரதமர் வித்யாலட்சுமி திட்டம் ரூ. 3,600 கோடி மதிப்புடையது. ஈடும் பிணையும் இன்றிக் கடன்; ஆண்டு வருமானம் ரூ. 8 இலட்சத்திற்கு உட்பட்ட குடும்பத்து மாணவருள் ஆண்டுக்கு ஓரிலட்சம் பேருக்கு, ரூ. 10 இலட்சம் வரையிலான கடனில், தவணை தொடங்கும்வரை 3 விழுக்காடு வட்டித் தள்ளுபடி. நல்ல திட்டமே. ஆனால் தரவரிசையில் முந்திய நிறுவனங்களின் (தொடக்கத்தில் 860) மாணவர்க்கே அது உரியது. சிற்றூர்க் கல்லூரியில் பயிலும் முதல் தலைமுறை மாணவி அப்பட்டியலில் எங்கே இருக்கிறாள்?

அவள் பட்டியலில் இருந்தாலும் வேறொரு தடை உண்டு. வட்டி. வட்டி விலக்கப்பட்டது என்று நம்பும் தந்தை வங்கிப் படியேறத் தயங்குகிறார். இன்றியமையா நிலையில் கல்விக்கடன் கூடுமா என்பதில் ஆலிம்களிடையே இருவகைக் கருத்துகள் உள்ளன. தீர்ப்புரைப்பது நம் பணியன்று. தயக்கம் உண்மையானது, அத்தயக்கத்தின் விலையை மகள் செலுத்துகிறாள் என்பதையே சொல்கிறோம். உதவித்தொகையைக் குறைத்துக் கடனைக் காட்டும்போது, பிறருக்குச் சுமையாவது நம்மவர் பலருக்கு அடைத்த கதவாகிறது. எனவே நிறுத்திய திட்டங்களை மீட்கக் கோருதல் சலுகை கேட்பதாகாது. நாடாளுமன்ற உறுப்பினர்களிடம் இக்கோரிக்கையை எழுத்தில் அளிக்கும் கடமை நம் அமைப்புகளுக்கு உண்டு.

அரசை மட்டும் நோக்கி விரல் நீட்டி அமர்ந்திருக்கவும் நமக்கு உரிமையில்லை. 1919இல் வாணியம்பாடியில் இஸ்லாமியாக் கல்லூரியும் 1951இல் திருச்சியில் ஜமால் முகம்மது கல்லூரியும் எழுந்தபோது சச்சார் குழு இல்லை. சிறுபான்மையினர் அமைச்சகமும் இல்லை. வணிகர்களின் கைப்பொருளே கட்டடமாயிற்று. பத்ருப் போரில் சிறைப்பட்டோருள் எழுதப் படிக்கத் தெரிந்தவர், பத்துச் சிறாருக்கு எழுத்தறிவித்தலே மீட்புத்தொகை என்று அண்ணல் நபிகள் நாயகம் (ஸல்) ஏற்றதாக வரலாறு கூறும். அம்மரபினர் நாம். இன்றோ ரமலானில் வாயிலில் வரிசையாக நிற்போர்க்குச் சில்லறையாக ஜகாத்தைப் பகிர்ந்து மன நிறைவு கொள்கிறோம். ஒரு மகளின் ஓராண்டுக் கட்டணம், நூறு கைகளில் நூறு நோட்டுகளாகக் கரைந்துபோகிறது. திருமண மண்டபத்து அலங்காரச் செலவைப் பற்றி எழுதினால் மலரின் பக்கங்கள் போதா!

வட்டியில்லா அழகிய கடன் நம் மார்க்கம் காட்டிய வழி. ஒவ்வொரு கல்லூரியின் முன்னாள் மாணவர் மன்றமும் ஊர் ஜமாஅத்தும் இணைந்து இதற்கென ஒரு நிதியம் அமைக்கலாம். படிப்பு முடிந்து வேலை கிடைத்தபின் சிறு தவணைகளாகத் திரும்பும் பணம் அடுத்த மாணவனைச் சேரும். திருப்ப இயலாதோர் சிலர் இருப்பர். ஜகாத் பெறத்தக்க எட்டு வகையினருள் கடன்பட்டோரும் உள்ளனர் என்பதை நினைவிற்கொண்டால், அவர்தம் பாக்கியைத் தீர்க்கவும் வழி பிறக்கும். நன்கொடையையும் ஜகாத்தையும் தனித்தனிக் கணக்கில் வைத்து, ஆண்டுதோறும் ஜுமுஆவிற்குப் பின் கணக்கைப் படித்துக்காட்ட வேண்டும். இன்றேல் முதலாண்டே ஐயம் எழும்.

இதற்குப் பெரும்பொருள் திரளும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. பத்து மாணவியரின் பருவக் கட்டணத்தோடு தொடங்கலாம். வருமானச் சான்றும் ஆதார் இணைந்த வங்கிக் கணக்கும் இன்றி எஞ்சிய அரசு உதவிகளையும் இழப்போர் உள்ளனர். அவர்களுக்கு விண்ணப்பம் நிரப்பித்தர ஒவ்வொரு கல்லூரியிலும் இரண்டு ஆசிரியர்கள், வாரத்தில் ஒரு பிற்பகல் ஒதுக்கினால், வருகின்ற சேர்க்கையிலேயே வேலையைத் தொடங்கிவிடலாம்.