கழற்றி எறியுமுன் காது கொடுப்போம்

பத்துமலையிலிருந்து உலு யாம் செல்லும் மலைச்சாலையில் பழைய எம்.ஜி.பி. மகிழுந்து ஒன்று ஏற்றத்தில் இருமுகிறது. நிறுத்தினால் இயந்திரம் தடுமாறுகிறது. உடனே நண்பர்கள் சொல்வது: "எஸ்.யூ. கார்புரேட்டரைத் தூக்கி எறி, வெபர் மாட்டு!" ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம்!

1962 முதல் 1980 வரை தயாரான இந்த 1798 சிசி வண்டிக்கு இரட்டை எஸ்.யூ.க்களே வழக்கம். ஒவ்வொன்றிலும் ஒரே ஜெட், ஒரே ஊசி. இயந்திரம் இழுக்கும் காற்றுக்கேற்ப பிஸ்டன் உயர்ந்து கலவையைச் சரிசெய்கிறது. இத்தாலியின் வெபர் 45 டி.சி.ஓ.ஈ. பந்தயத்துக்கு உகந்ததே. ஆனால் அதற்கு வேறு மேனிஃபோல்ட் வேண்டும்; பலவகை ஜெட்டுகளைப் பொறுக்கிப் பொருத்தவும் வேண்டும். மெதுவாக வளைந்து ஏறும் சாலைக்கு அது எதற்கு?

பெரும்பாலும் தேய்வது திராட்டல் தண்டும் அதன் துளையும்தான். அவ்வழியே காற்று கசிந்து கலவை மெலிகிறது. முதலில் தீப்பொறி நேரத்தையும் வால்வு இடைவெளியையும் பாருங்கள். பிறகு புதிய புஷ், தண்டு, ஊசி, ஜெட் போடுங்கள். உடலே கெட்டிருந்தால் அதே வகைப் புதிய இணையை வாங்குங்கள். பிரிட்டனில் இன்றும் தயாராகின்றன.

இரண்டு கார்புரேட்டர்களின் வாயிலும் ரப்பர் குழாய் வைத்து, சீறலைக் காதால் கேட்டே சமன்செய்யும் பட்டறைப் பெரியவர்கள் நம்மிடையே அருகி வருகிறார்கள். பாகத்தை என்றும் வாங்கலாம். அந்தக் காதை எந்தக் கடையில் வாங்குவோம்? பட்டம் பெறப்போகும் நண்பர்களே, விடுமுறையில் ஒரு நாளாவது அவர்கள் அருகில் நில்லுங்கள்.