ஆகாயத்தில் பாணிக்கிரகணம்

முன்னால் போகிறவரை எட்டிப் பிடிக்க என்ன செய்ய வேண்டும் என்று எந்தக் குழந்தையைக் கேட்டாலும், "வேகமாக ஓட வேண்டும்" என்றுதான் பதில் வரும். பூலோகத்தில் இது சரியான பதில். ஆனால், பூமியைச் சுற்றிவரும் ஆகாயக் கலங்களின் விஷயத்தில் இதே பதிலை எழுதும் மாணாக்கனுக்கு நான் முட்டை மார்க்குத்தான் போட வேண்டியிருக்கும்!

காரணம் தெரிய வேண்டுமானால், நேயர்கள் சற்று மயிலாப்பூருக்கு வர வேண்டும். ஒருவர் கபாலீசுவரர் கோயிலின் உட்பிராகாரத்தைப் பிரதட்சிணம் செய்கிறார். மற்றொருவர் நான்கு மாட வீதிகளையும் சுற்றி வருகிறார். இருவருக்கும் நடை ஒன்றே ஆனாலும், உள்ளே சுற்றுகிறவர் முதலில் முடித்து விடுவார் அல்லவா? ஆகாயத்திலோ அவருக்கு மேலும் ஒரு சலுகை உண்டு. பூமிக்குச் சமீபத்தில் சுற்றும் கலத்துக்குப் பாதையும் குறைவு, வேகமும் அதிகம். 400 கிலோமீட்டர் உயரத்தில் உள்ள கலம் சுமார் ஒன்றரை மணி நேரத்தில் பூமியை ஒரு முறை வலம் வருகிறது. அதைவிட ஒரே ஒரு கிலோமீட்டர் தாழ்ந்து சுற்றுகிற கலம், ஒவ்வொரு சுற்றிலும் 9 கிலோமீட்டருக்கு மேல் முந்திவிடும். ஆகையால், எட்டிப் பிடிக்க விரும்புகிறவர் முதலில் தாழ வேண்டும். தாழ்வதற்கோ வேகத்தைக் குறைக்க வேண்டும். ஆத்திரப்பட்டு யந்திரத்தை முடுக்கினால், கலம் மேலே ஏறிப் பின்தங்கிப் போகும்.

1965 ஜூன் மாதத்தில், ஜெமினி 4 என்னும் கலத்தில் சென்ற அமெரிக்கர் ஜேம்ஸ் மக்டிவிட், தம் ராக்கெட்டின் கழன்ற பாகத்தை நெருங்க முயன்றார். அதை நோக்கி நேரே செலுத்திப் பார்த்தார். எரிபொருள் செலவானதே மிச்சம். இந்தக் கணக்கை எல்லாம் சரியாகப் போட்ட பிறகு, 1966 மார்ச் 16ம் தேதி, நீல் ஆர்ம்ஸ்ட்ராங்கும் டேவிட் ஸ்காட்டும் ஜெமினி 8 கலத்தை ஆளில்லாத மற்றொரு கலத்துடன் இணைத்தார்கள். உலகில் அதுவே முதல் இணைப்பு. 1969 ஜனவரி 16ம் தேதி, ரஷ்யர்களின் சோயுஸ் 4, சோயுஸ் 5 என்ற கலங்கள், இரண்டிலும் மனிதர் இருக்க, ஒன்றோடொன்று சேர்ந்தன.

நமது தேசத்தின் முறை 2024 டிசம்பர் 30ம் தேதி இரவு வந்தது. அன்று நமக்கு வடக்கே சுமார் 80 கிலோமீட்டரில் உள்ள ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து, தலைக்கு 220 கிலோ எடையுள்ள இரண்டு கலங்கள் புறப்பட்டன. துரத்துகிற கலம் ஒன்று. இலக்குக் கலம் மற்றொன்று. 'ஸ்பேடெக்ஸ்' என்று அந்தச் சோதனைக்குப் பெயர்.

முதலில் குறித்த முகூர்த்தம் ஜனவரி 7. அது 9ம் தேதிக்குத் தள்ளிப் போயிற்று, அதுவும் தவறிற்று. 12ம் தேதி இரண்டும் 3 மீட்டர் தூரத்துக்கு வந்தன. "இதோ கைப்பிடிக்கப் போகின்றன" என்று எல்லோரும் எதிர்பார்த்தபோது, மறுபடியும் பின்னுக்கு நகர்த்தி விட்டார்கள். "இது என்ன, மணமேடை வரையில் வந்துவிட்டுத் திரும்புகிறதே!" என்று அலுத்துக் கொண்டவர்கள் பலர்.

ஆனால், நேயர்களே, அந்தக் கலங்கள் ஒவ்வொன்றும் விநாடிக்கு ஏழு கிலோமீட்டருக்கு மேற்பட்ட வேகத்தில் பறந்து கொண்டிருந்தன. அவ்வளவு வேகத்திலும் ஒன்றையொன்று தொடும்போது விநாடிக்கு ஒரு சென்டிமீட்டர் அளவில்தான் நெருங்க வேண்டும். எறும்பு ஊர்வது போல. 5 கிலோமீட்டர், ஒன்றரைக் கிலோமீட்டர், 500 மீட்டர், 225 மீட்டர், 15 மீட்டர், 3 மீட்டர் என்று படிப்படியாக நிறுத்தி, நிறுத்திச் சரிபார்த்து, 2025 ஜனவரி 16ம் தேதி இணைத்தார்கள். ரஷ்யா, அமெரிக்கா, சீனா ஆகிய மூன்று தேசங்களுக்கு அடுத்தபடி நாலாவதாக நாம் இந்த வித்தையைக் கைக்கொண்டோம். மார்ச் 13ம் தேதி கலங்களைப் பிரித்து, ஏப்ரல் 20ம் தேதி மீண்டும் சேர்த்தும் காட்டினார்கள்.

அவசரத்தின் விலை என்ன? 1997 ஜூன் 25ம் தேதி, ரஷ்யர்களின் மிர் நிலையத்தை நெருங்கிய சரக்குக் கலம் ஒன்று கட்டுக்கு அடங்காமல் வந்து மோதிற்று. காற்று வெளியேறத் தொடங்கியது. உள்ளே இருந்த மூவரும் குறுக்கே கிடந்த கம்பிகளைத் துண்டித்து, சேதமான அறையை மூடி உயிர் பிழைத்தார்கள். அதே ஜூன் 25ம் தேதி, 2025ல், நம் சுபான்ஷு சுக்லா மற்ற மூவருடன் புறப்பட்டு, மறுநாள் சர்வதேச விண்வெளி நிலையத்தை அடைந்தார். கலம் சேர்ந்ததும் கதவைத் திறந்து விடவில்லை. கொக்கிகள் இறுகினவா, காற்று கசிகிறதா என்று ஒரு மணி நேரத்துக்கு மேல் சோதித்த பிறகே திறந்தார்கள்.

2035க்குள் நமக்கென்று ஒரு விண்வெளி நிலையம் அமைக்க உத்தேசித்திருக்கிறார்கள். அதன் வாசலுக்கு நம் வீட்டுப் பிள்ளைகளும் பெண்களும் போய்ச் சேருவார்கள். அன்று ஏதாவது ஒரு காரணத்தால், நிலையத்துக்கு மூன்று மீட்டர் தூரத்தில் கலத்தைப் பின்னுக்கு இழுத்தார்கள் என்று செய்தி வந்தால், நாம் யாரும் அலுத்துக் கொள்ள மாட்டோம். "நிதானமாகவே வரட்டும்" என்றுதான் சொல்லுவோம். ஆளில்லாத கலங்களிடம் அந்த நிதானத்தைப் பழகிக் கொண்டவர்களை இன்றே பாராட்டி வைப்பதில் தவறில்லை.