களிநகர் குருதிநகர் ஆன கதை

கரூன் ஆறு ஷத்துல் அரபு ஆற்றோடு கலக்குமிடத்தில் துறைமுக நகர் ஒன்று இருக்கிறது, தோழரே! நகர் ஈரானுக்குச் சொந்தம். கூப்பிடு தொலைவில் ஈராக். முன்னாளில் முகம்மரா என்றனர். பின்னாளில் கொர்ரம்ஷஹர் என்றாயிற்று. செழிப்பும் களிப்பும் நிறைந்த நகர் என்பது பொருள். அழகான பெயர்! ஆனால் அங்கே அரங்கேறியவை அத்தனையும் அவல நாடகங்கள்.

எல்லைக்கோடு புனிதமானது, அதன்பொருட்டுச் சிந்தும் குருதி பெருமைக்குரியது என்று முழங்குவோர் எந்நாட்டிலும் உண்டு. முழங்குவோர் தலைநகரில் இருப்பர்; குண்டு விழுவதோ எல்லை நகரில். ஐயமிருப்பின் முகம்மராவின் வரலாற்றைப் புரட்டுங்கள்.

1837இல் பாக்தாதை ஆண்ட உதுமானிய ஆளுநன் அந்நகரைச் சூறையாடினான். நகர் செய்த குற்றம் என்ன? பாஸ்ராவுக்குப் போகவேண்டிய வணிகம் இங்கே வந்தது, அவ்வளவுதான்! வளர்ந்ததற்கே தண்டனை!

1857இல் வந்தது வெள்ளையர் கப்பற்படை. தகராறு எங்கோ இருந்த ஹீரத் நகரைப் பற்றியது; அடி விழுந்தது முகம்மராவுக்கு. மார்ச் 4ஆம் நாள் பாரிசில் சமாதான ஒப்பந்தம் கையெழுத்தாகிவிட்டது. செய்தி வந்து சேரவில்லை. மார்ச் 26ஆம் நாள் பீரங்கிகள் முழங்கின! முடிந்துபோன போருக்காக மனிதர் மடிந்தனர். நாடகத்தில் இப்படியொரு காட்சி எழுதினால், நம்பும்படி எழுதப்பா என்பீர்கள். வரலாறு எழுதியிருக்கிறதே, என் செய்வது?

அப்படையில் சிப்பாய்களாகச் சென்றோர் யார்? பம்பாயிலிருந்து கப்பலேற்றப்பட்ட இந்தியர்! நடத்திச் சென்ற அவுட்ராமும் ஹாவ்லக்கும் அதே ஆண்டு லக்னோவில் இந்தியக் கிளர்ச்சியை ஒடுக்கப் புறப்பட்டனர். அயலானை அடக்க நம்மவர் கை. நம்மவரை அடக்க அதே தளபதிகள். ஏகாதிபத்தியத்தின் கணக்கு எவ்வளவு சிக்கனமானது, பாருங்கள்!

1941. நடுநிலை நாடென ஈரான் அறிவித்திருந்தது. ஆகஸ்டு 25 விடியுமுன், 'புலி' எனப் பொருள்படும் 'பாபர்' என்ற அதன் போர்க்கப்பல் துறையில் நின்றபடியே மூழ்கடிக்கப்பட்டது. கடற்படைத் தலைவர் பாயந்தோர் அன்றே உயிர் நீத்தார். நடுநிலை என்ற சொல் வலியவனின் காதில் ஏறுவதில்லை.

அடுத்து 1980. ஆற்றின் ஆழமான நீரோட்டமே எல்லை என்று 1975இல் அல்ஜியர்சில் ஏற்ற சதாம் உசேன், செப்டம்பர் 17இல் அவ்வொப்பந்தத்தைத் தூக்கியெறிந்தார்; 22இல் படையை ஏவினார். மாலுமிகளும் ஊர்மக்களும் தெருத்தெருவாக, வீடுவீடாக நின்று ஒரு மாதத்துக்கு மேல் போரிட்டனர். நகர் வீழ்ந்தது. 'கூனின்ஷஹர்' என்றார்கள், குருதிநகர்! தங்கவே வந்தோம் என்று சுவரில் எழுதியது ஈராக்கியப் படை. 1982 மே 24இல் ஈரான் நகரை மீட்டது. ஏறத்தாழ 19,000 ஈராக்கியர் சிறைப்பட்டனர். தங்க வந்தவர் தங்கத்தான் செய்தனர், சிறையில்!

வீடு காக்க ஊரார் ஆயுதம் எடுத்தது தவறா என்று கேட்பீர். இல்லை, தோழரே! அது அறம், அந்த வீரத்துக்கு என் தலை தாழும். கேள்வி அதற்குப் பிறகுதான். நகர் மீண்டது, போரை நிறுத்தினார்களா? 1982 ஜூலையில் ஈரான் படை எல்லை தாண்டிப் பாஸ்ராவை நோக்கிப் பாய்ந்தது. காப்பதற்கு எடுத்த வாள், பழிதீர்க்கும் வாளாயிற்று. மேலும் ஆறாண்டு! இளைஞர் கூட்டங் கூட்டமாகச் சேற்றிலும் சதுப்பிலும் சாய்ந்தனர். 1988 ஆகஸ்டில்தான் பீரங்கி ஓய்ந்தது.

கிடைத்தது என்ன? 1990 ஆகஸ்டில், குவைத்தை விழுங்கிய கையோடு, தான் எறிந்த அதே 1975 ஒப்பந்தத்தை மீண்டும் ஏற்பதாகச் சதாம் எழுதினார். அதே ஆறு. அதே நடுக்கோடு. இடையில் இரு நாட்டிலும் இலட்சக்கணக்கில் பிணங்கள்!

அன்னையர் அழுதது ஒரு கரையில் பாரசீகத்தில், மறுகரையில் அரபியில். கண்ணீருக்கு மட்டும் மொழி ஒன்றே. ஆற்றைப் பங்குபோட்டவர் எவரும் அவர்களைக் கேட்டதில்லை. ஆகவே, எல்லைக்காகச் சாகச்சொல்லி எவர் முழங்கினும், எழுந்து நின்று ஒரு கேள்வி கேளுங்கள்: ஐயா, தங்கள் வீடு அந்த ஆற்றங்கரையிலா இருக்கிறது?