தண்ணீர் புகுந்த வீட்டில் ஃப்ரிட்ஜ் யாருடையது?

தர்மபுரிப் பக்கம் வீட்டுக்கு இன்ஷூரன்ஸ் என்று பேச்செடுத்தால், "குடிக்கவே தண்ணி இல்ல, இங்க எங்க வெள்ளம் வரப்போவுது?" என்று சிரிப்பவர்கள்தான் அதிகம். 2024 டிசம்பர் தொடக்கத்தில் அந்தச் சிரிப்பு நின்றது. புதுச்சேரி அருகே கரையைக் கடந்த ஃபெஞ்சல் புயல், கடலையே பார்க்காத அரூரில் ஒரே நாளில் 33 செ.மீ. மழையைக் கொட்டியது. பக்கத்து ஊத்தங்கரையில் 50 செ.மீ. அங்கே சாலையோரம் நின்ற வண்டிகள் வெள்ளத்தில் உருண்டு போன காட்சியைப் பார்க்காத செல்போன் இல்லை.

அப்படியொரு ராத்திரியில் ஒரு வாடகை வீட்டுக்குள் முழங்கால் அளவு தண்ணீர் புகுந்தது என்று வைத்துக்கொள்ளுங்கள். சுவர் விரிசல் விட்டால் நஷ்டம் வீட்டுக்காரருக்கு. ஃப்ரிட்ஜ், வாஷிங் மெஷின், மெத்தை, தையல் மெஷின் எல்லாம் குடியிருப்பவருடையவை. வீட்டுக்காரர் எடுத்த பாலிசி அவற்றுக்கு ஒரு பைசா தராது. இது தெரியாமல், "வீட்டுக்கு இன்ஷூரன்ஸ் இருக்குல்ல" என்று நம்பியிருக்கும் குடும்பங்கள் நிறைய. வாடகைக்கு இருப்பவர்கள் கட்டடத்தை விட்டுவிட்டு, தங்கள் பொருட்களுக்கு மட்டும் தனியாகப் பாலிசி எடுக்கலாம்.

சொந்த வீட்டுக்காரர்களுக்கு 2021 ஏப்ரல் 1 முதல் 'பாரத் க்ருஹ ரக்ஷா' என்ற பொதுவான பாலிசி இருக்கிறது. எந்த நிறுவனத்தில் கேட்டாலும் அடிப்படை விதிகள் ஒன்றுதான். தீ, இடி, புயல், வெள்ளம், நிலச்சரிவு, கலவரம் எல்லாம் இதில் அடக்கம். கலவரம் எதற்கு என்று இந்த மாவட்டத்தில் யாரும் கேட்க மாட்டார்கள். 2012 நவம்பரில் நாயக்கன்கொட்டாய் அருகே நத்தம் காலனி வீடுகள் எரிக்கப்பட்டபோது, பெங்களூருவிலும் திருப்பூரிலும் உழைத்துச் சேர்த்த பொருட்களும் சாம்பலாயின.

எவ்வளவுக்கு எடுப்பது? இடத்தின் விலையைச் சேர்க்கக் கூடாது. வெள்ளம் மனையைத் தூக்கிக்கொண்டு போகாதே! திரும்பக் கட்ட ஆகும் செலவுதான் கணக்கு. 1,000 சதுர அடி வீடு, சதுர அடிக்கு 2,000 ரூபாய் என்றால் 20 லட்சம். அதில் 20 சதவிகிதம், அதாவது 4 லட்சம், வீட்டுப் பொருட்களுக்குத் தானாகவே சேர்ந்துவிடும். அதற்கு உச்சவரம்பு 10 லட்சம். நகை இந்தக் கணக்கில் வராது, தனியே கேட்டுச் சேர்க்க வேண்டும். திருட்டும் அப்படித்தான்: வெள்ளமோ தீயோ வந்த 7 நாட்களுக்குள் நடந்த திருட்டுக்குத்தான் பணம். மற்ற நாட்களுக்கு வேறு பாலிசி. ஓலைக் கூரை, தார்ப்பாய் சாய்ப்பு இருந்தால் மறைக்காமல் சொல்லிவிடுவது நல்லது. வாசலில் நிற்கும் பைக் வீட்டுப் பாலிசியில் சேராது.

வங்கிக் கடனில் வீடு கட்டியவர்கள் இன்னொன்றையும் பார்க்க வேண்டும். "லோனோடு இன்ஷூரன்ஸும் போட்டாங்க" என்பார்கள். எடுத்துப் பார்த்தால், கடன் வாங்கியவர் இறந்தால் பாக்கியைக் கட்டும் ஆயுள் பாலிசியாக இருக்கும். சுவர் இடிந்தால் அது உதவாது. பாலிசிப் பத்திரத்தில் காப்பீடு எதற்கு என்ற இடத்தில் ஆள் பெயர் இருக்கிறதா, கட்டட விலாசம் இருக்கிறதா என்று பார்த்தாலே தெரிந்துவிடும்.

தண்ணீர் வடிந்ததும் நம் பெண்கள் முதலில் எடுப்பது துடைப்பத்தை. அதற்கு முன் செல்போனை எடுக்க வேண்டும். சுவரில் தண்ணீர் நின்ற கோடு, சேறு படிந்த மெஷின், எல்லாவற்றையும் படம் பிடித்து, நிறுவனத்துக்கு அன்றே தகவல் சொல்லி, சர்வேயர் வரும்வரை கெட்டுப்போன பொருளைக் காயலான் கடைக்குப் போடாமல் வைத்திருக்க வேண்டும். பணம் மறுக்கப்பட்டால் முதலில் நிறுவனத்துக்கே எழுத்தில் புகார். 30 நாட்களில் பதில் இல்லை என்றாலோ, வந்த பதில் சரியில்லை என்றாலோ சென்னையில் உள்ள காப்பீட்டுக் குறைதீர்ப்பாளரிடம் ஒரு வருடத்துக்குள் போகலாம். கட்டணம் இல்லை, வக்கீலும் வேண்டாம். விவரம் கேட்க ஒழுங்குமுறை ஆணையத்தின் எண் 155255. பில்களைப் படமெடுத்து வெளியூரில் இருக்கும் தம்பிக்கோ மகளுக்கோ இன்றைக்கே அனுப்பிவிடுங்கள். பீரோவோடு பில்லும் நனைந்துவிட்டால், ஃப்ரிட்ஜ் வாங்கிய கடையைத் தேடி அலைய வேண்டியிருக்கும்.