மாடி அறையும் மாமியாரும்

மூன்று வருஷத்துக்கு முன் ஒரு சித்திரை மாதம். ராத்திரி பத்து மணிக்கு, மாடி அறையில் படுத்திருந்த என் மாமியார் பாயும் தலையணையுமாகக் கீழே இறங்கி வந்துவிட்டார். "ஏம்மா, இருட்டி எவ்வளவு நேரமாச்சு! மேலே இன்னும் அடுப்பு எரியறாப்பல இருக்கே?" என்றார்.

அவர் சொன்னது நிஜம். கான்கிரீட் தளம் பகலெல்லாம் வெயிலைக் குடித்து வைத்துக்கொண்டு, பொழுது சாய்ந்த பிறகும் அறைக்குள் அனலாக விட்டுக்கொண்டே இருக்கும். மின்விசிறி அந்த அனலைத்தான் சுற்றிச் சுற்றி வீசும். வயதானவர்களுக்குத் தாகமும் சரியாகத் தெரியாது. ராத்திரியிலும் உடம்பு ஆறவில்லையென்றால் தளர்ந்து போவார்கள். பகல் வெயிலுக்குப் பயப்படும் நாம் இதைக் கவனிப்பதில்லை.

முதலில் நாங்கள் செய்தது தப்புக் காரியம். யாரோ சொன்னார்களென்று அறைக்குள் தெர்மோகோல் வைத்து ஃபால்ஸ் சீலிங் போட்டோம். கொஞ்சம் சூடு குறைந்தது, இல்லையென்று சொல்லமாட்டேன். ஆனால் தளம் என்னவோ கொதித்துக்கொண்டுதான் இருந்தது. எலி வேறு மேலே குடித்தனம் வந்துவிட்டது. மின்சார ஒயர் போகும் இடத்தில் தெர்மோகோல் கூடாது. தீப்பிடித்தால் குபீரென்று எரிந்து விஷப்புகை கிளம்பும் என்பது எனக்குப் பிறகுதான் தெரிந்தது.

பார்க்க வந்த மேஸ்திரி சிரித்தார். "வெயிலுக்குக் குடை பிடிக்காம, சட்டைக்குள்ள துணியைச் சுருட்டி வச்சா எப்படிம்மா?"

குடை மொட்டை மாடியில்தான் பிடிக்க வேண்டும். புதிதாக வீடு கட்டுகிறவர்கள் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்து அடித்த சுருக்கித் தளம், அதன்மேல் தட்டோடு - இதில் சிக்கனம் பார்க்காதீர்கள். சூடும் தடுக்கும், வாட்டம் சரியாக இருந்தால் மழைத் தண்ணீரும் நிற்காது. பழைய வீடென்றால் தளம் அந்தப் பாரத்தைத் தாங்குமா என்று விவரம் தெரிந்தவரிடம் காட்டிய பிறகே செய்யுங்கள்.

கையில் பணமில்லையா? வெள்ளைச் சுண்ணாம்பு போதும். வெள்ளை நிறம் வெயிலைத் திருப்பி அனுப்பிவிடும். அகமதாபாத் மாநகராட்சி 2017-ல் எளியவர்கள் வீட்டுக் கூரைகளுக்கு வெள்ளை பூசும் வேலையைத் தொடங்கியது இதற்காகத்தான். மாசி மாதமே விரிசலை அடைத்து, பெருக்கிக் கழுவி, இரண்டு கை அடியுங்கள். கிளிஞ்சல் சுண்ணாம்பு தண்ணீரில் கொதிக்கும்போது பிள்ளைகள் கிட்டே வரக்கூடாது. கண்ணில் தெறித்தால் பார்வைக்கே ஆபத்து. மழையில் கரைந்துவிடும், வருஷா வருஷம் அடிக்க வேண்டும். மழைநீர் தொட்டி இருந்தால் முதல் மழைத் தண்ணீரை வெளியே விட்டுவிடுங்கள். கட்டுப்படியானால் இதற்கென்றே விற்கும் வெள்ளைப் பெயிண்ட் அடிக்கலாம், கூட நாள் நிற்கும்.

ஆஸ்பெஸ்டாஸ் கூரைக்காரர்களுக்கு மட்டும் தனியாக ஒரு வார்த்தை. அதைத் துளைக்கவோ, உடைக்கவோ, கம்பி பிரஷ் போட்டுத் தேய்க்கவோ கூடாது. அந்தத் தூசு நுரையீரலில் புற்றுநோய் வரை கொண்டுவிடும். மேலே ஏறினால் உடைந்து ஆளும் விழுவார். மாற்ற வசதி வரும்வரை, கூரைக்குமேல் உயரத் தனியாகக் கீற்றுப் பந்தல் போடலாம். அடுப்புப் பொறி படாத இடமாக இருக்கட்டும்.

எங்கள் வீட்டில் தட்டோட்டுக்கு இன்னும் பணம் சேரவில்லை. சுண்ணாம்புதான், இது இரண்டாம் வருஷம். மாமியார் மறுபடி மாடிக்குப் போய்விட்டார். கீழே கொண்டுவந்த தலையணையை மட்டும் இன்னும் எடுத்துப் போகவில்லை. "சித்திரை முடியட்டும், பார்க்கலாம்" என்கிறார்.