முதல் நாள் இலக்கம் போதுமா?

2022 டிசெம்பரில் மண்டூஸ் சூறாவளி வங்கக் கடலில் நிலைகொண்டிருந்த வேளை, இந்தியப் பெருநிலத்தின் மாசடைந்த காற்று இலங்கையைச் சூழ்ந்தது. அம்மாதம் 9 ஆம் திகதி பாடசாலைகள் மூடப்பட்டன. வடகீழ்ப் பருவக்காற்றின் வாசலிலே இருக்கும் யாழ். குடாநாட்டுக்கு இது புறக்கணிக்கக்கூடிய செய்தியன்று. வீட்டில் ஈளை நோயாளர் உள்ளோர் மின்னியல் வளிச் சுத்திகரிப்பானை நாடுவதும் இயல்பே.

ஆனால், பெட்டியிலே அச்சிடப்பட்டிருக்கும் 'தூய காற்று வழங்கும் வேகம்' புதிய கருவியை மூடிய அறையில் வைத்து அளந்த இலக்கமாகும். ஓராண்டின் பின்னர் அது என்னவாகும்?

இவற்றுள் ஒருவகைக் கருவியில், உயர் மின்னழுத்தமுள்ள மெல்லிய கம்பி தூசுத் துணிக்கைகளுக்கு மின்னேற்றம் கொடுக்க, உலோகத் தகடுகள் அவற்றைக் கவர்கின்றன. தகட்டில் தூசு படியப் படியக் கவரும் திறன் குன்றும். கம்பியில் படிவு ஏறினால் மின்னேற்றமும் தளரும். விசிறியோ முன்போலவே சுழன்றுகொண்டிருக்கும். வீட்டார் எதையும் அறியார். இக்கருவிகள் ஓசோனையும் வெளிவிடக்கூடும். கலிபோர்னியா மாநிலம் அதற்குப் பத்து இலட்சத்தில் 0.05 பங்கு என எல்லை வகுத்துள்ளது.

சீனாவின் 2015 ஆம் ஆண்டுத் தரநியமம் ஒரு நல்ல வழியைக் காட்டியது. கருவிக்குத் தொடர்ந்து சிகரெட் புகையை ஊட்டி, அதன் வேகம் பாதியாகக் குறையும்வரை எவ்வளவு துணிக்கைகளை அகற்றியது என்று கணக்கிடுவதே அது. இத்தகைய இலக்கத்தையும் பெட்டியில் அச்சிடும்படி இலங்கைக் கட்டளைகள் நிறுவனம் கோர வேண்டும். விறகடுப்புப் புகையும், குப்பை எரிக்கும் புகையும், உப்புக் காற்றும் கலந்த நமது சூழலில் அதனைச் சோதிக்க, கிளிநொச்சியிலுள்ள யாழ். பல்கலைக்கழகப் பொறியியல் பீடம் முன்வரலாம்.

அதுவரை வாசகர்கள் தாமே செய்யக்கூடியது ஒன்றுண்டு. சிறிய துணிக்கைமானி ஒன்றைப் பெற்று, அறையை மூடி, நுளம்புச்சுருளைச் சில நிமிடங்கள் எரித்து அணையுங்கள். வெளியே வந்து, அளவு பாதியாகக் குறைய எடுக்கும் நேரத்தைக் கருவி இயங்கும்போதும் இயங்காதபோதும் குறித்துக்கொள்ளுங்கள். மூன்று மாதங்களுக்கு ஒருமுறை, மழையற்ற நாளில், மீண்டும் செய்யுங்கள். நேரம் நீண்டால் தகடுகளைக் கழுவி நன்கு உலர்த்திப் பாருங்கள். அப்போதும் திருந்தாவிடில், அக்கருவியை நம்பி நோயாளியை அந்த அறையில் விடுவது தகாது.