பொட்டி மட்டும் போதுமா? கொஞ்சம் கோபமாகவே ஒரு பதிவு



போன வாரம் நம் வாட்ஸ்அப் குழுவில் ஒருவன் படம் போட்டிருந்தான். பேர் சொல்ல மாட்டேன், 89 பேட்ச். அவன் அப்பா 1980 வாக்கில் போனஸ் பணத்தில் வாங்கிய பிலிப்ஸ் ஸ்பீக்கர் பெட்டிகள் இரண்டு. பாலிஷ் போட்டு, புதுத் துணி கட்டி, "அப்பாவின் ஸ்பீக்கர் மறுபடி பாடுகிறது" என்று எழுதியிருந்தான். நூற்றுக்கும் மேல் இதயக்குறி. நான் ஒன்றே ஒன்று கேட்டேன்: "உள்ளே இருந்த பழைய ஸ்பீக்கர் எங்கேடா?"

"அதெல்லாம் கடைக்காரரே எடுத்துக்கிட்டார் சார். புதுசு போட்டுக் கொடுத்துட்டார். ப்ளூடூத்தும் இருக்கு."

நான் கொஞ்சம் கடுமையாகப் பேசிவிட்டேன். உடனே என் தங்கை மகன், "மாமா, மரப்பெட்டிதானே ஞாபகம், உள்ள எது இருந்தா என்ன?" என்றான். வேறு சிலரும் சார் ஓவராகப் பேசுகிறார் என்றார்கள். அதனால்தான் இந்த நீளப் பதிவு.

பெட்டியா பாடியது? வீணையில் தந்தியை எடுத்துவிட்டு ரெக்கார்டரை வைத்து, "பாட்டி வீணை" என்றால் ஒப்புக்கொள்வீர்களா? ஸ்பீக்கரில் டிரைவர் என்று ஒரு பாகம் உண்டு (ஆட்டோ டிரைவர் இல்லை). காந்தம், காயில், காகிதக் கோன், அதைச் சுற்றிய விளிம்பு எல்லாம் சேர்ந்ததுதான் அது. அந்த வீட்டில் கேட்ட ஒவ்வொரு குரலும் அந்தக் காகிதம் முன்னும் பின்னும் அசைந்ததால் வந்தது. பெட்டி அதற்கு வீடு, அவ்வளவுதான்.

அந்த வீடும் கண்டபடி கட்டியதல்ல. கோன் எவ்வளவு இறுக்கம், காந்தம் எவ்வளவு பலம், பெட்டிக்குள் எத்தனை லிட்டர் காற்று, இவை மூன்றும் பொருந்தினால்தான் கீழ் சுருதி சரியாக வரும். ஆஸ்திரேலியாவின் நெவில் தீல் 1961-ல் இதைக் கணக்காகவே போட்டுக் காட்டினார். எட்டு அங்குலத்துக்கு எட்டு அங்குலம் என்று கடையில் கிடைத்ததை மாட்டினால் ஓட்டை பொருந்தும், கணக்கு பொருந்தாது. பேஸ் பானைக்குள்ளிருந்து பேசுவது மாதிரி கேட்கும். அதைத்தான் இப்போது "பழைய சவுண்டு, என்ன ஒரு வார்ம்த்" என்று புகழ்கிறார்கள்.

பழசெல்லாம் தங்கம் என்று நான் சொல்லவில்லை. நம் வீடுகளில் இருந்த ரேடியோக்களில் பாதி சுமார் ரகம்தான். கிராஸ்ஓவரில் இருக்கும் கண்டென்சர் நாற்பது வருஷத்தில் காய்ந்துபோயிருக்கும், அதைத் தாராளமாக மாற்றுங்கள். கோனைச் சுற்றியுள்ள நுரை விளிம்பு நம் சென்னைப் புழுக்கத்தில் பத்துப் பதினைந்து வருஷத்தில் பொடியாக உதிரும். அது நுரையின் வியாதி, ஸ்பீக்கரின் சாவு அல்ல. விளிம்பை மட்டும் புதிதாக ஒட்டலாம். கோனும் காயிலும் காந்தமும் அப்படியே இருக்கும். காயில் எரிந்திருந்தால்கூடத் திரும்பச் சுற்றுகிற ஆட்கள் இன்னும் இருக்கிறார்கள். ஒன்றுமே முடியவில்லையென்றால் மாற்றுங்கள், ஆனால் பழையதைத் துணியில் சுற்றி அதே பெட்டிக்குள் வையுங்கள். உங்கள் பேரனுக்கு என்னைவிடக் கெட்டிக்கார மெக்கானிக் கிடைக்கலாம்.

நிறைய கடைகளில் இதைச் சொல்ல மாட்டார்கள். விளிம்பு ஒட்ட அரை நாள் பிடிக்கும், புதுசு மாட்டப் பத்து நிமிஷம் போதும். கழற்றிய பழைய டிரைவர் வேறு இடத்தில் தனி விலைக்குப் போகும். நீங்கள் பணமும் கொடுத்து, பொருளையும் கொடுத்துவிட்டு வருகிறீர்கள்.

உள்ளே இருப்பது ஒரிஜினலா என்று எப்படித் தெரியும் என்று நேற்று ஒரு மாணவி கேட்டாள். பின்பலகையைக் கழற்றி டார்ச் அடித்துப் பாரம்மா. பிலிப்ஸ் என்றால் காந்தத்தின் பின்னால் ஏடி 8060 / டபிள்யூ 8 மாதிரி ஓர் எண் இருக்கும். முதல் 8 அங்குலம், டபிள்யூ என்றால் வூஃபர், கடைசி 8 ஓம். ஏடி 0160 / டி 8 என்றால் ஓர் அங்குல ட்வீட்டர். அமெரிக்கச் சரக்கில் எண்ணின் முதல் மூன்று இலக்கம் கம்பெனி. 220 என்றால் ஜென்சன். அடுத்து வருஷம், கடைசி இரண்டு இலக்கம் வாரம். 220-6312 என்றால் 1963-ம் வருஷம் பன்னிரண்டாவது வாரம். ஆதார் கார்டு மாதிரிதான்.

எண் அழிந்திருந்தால் காந்தத்தின் வடிவத்தைப் பார். குட்டையான குவளை மாதிரி இருந்தால் பெரும்பாலும் அல்னிக்கோ, அகலமான கறுப்பு வளையம் என்றால் ஃபெரைட். 1978-ல் ஜைரேயில் சண்டை வந்து கோபால்ட் விலை ஏறியதும் கம்பெனிகள் ஒவ்வொன்றாக ஃபெரைட்டுக்கு ஓடின. அதனால் 1965-ல் வாங்கிய பெட்டிக்குள் அகல வளையம் இருந்தால் சந்தேகப்படலாம். ஸ்க்ரூ தலை கீறியிருக்கிறதா, பலகையில் காலி ஓட்டை இருக்கிறதா, ஈயப்பற்று பளபளவென்று புதிதாக இருக்கிறதா, இதையும் பார். அல்னிக்கோ காந்தத்தை மட்டும் யாரையும் பிரிக்க விடாதே. பிரித்துத் திரும்பச் சேர்த்தால் பலத்தில் ஒரு பங்கு போய்விடும்.

இவ்வளவு பேசுகிற நானும் யோக்கியனில்லை. என் அப்பாவின் வால்வ் ரேடியோவை 90-களில் ஒரு மெக்கானிக்கிடம் கொடுத்தேன். அந்தக் கால ஸ்பீக்கரில் நிலைக்காந்தம் கிடையாது. ஒரு பெரிய சுருளில் மின்சாரம் பாய்ந்தால்தான் அது காந்தமாகும். அதே சுருள்தான் ரேடியோவின் மின்சாரத்தில் வரும் இரைச்சலையும் வடிகட்டும். அவர் அதைத் தூக்கிவிட்டுச் சாதாரண ஸ்பீக்கரை மாட்டினார். வோல்டேஜ் ஏறியது, "ஹம்ம்ம்" என்று இரைந்தது, மூன்றாம் நாள் கண்டென்சர் வெடித்தது. ஓம் விதியைக் கரும்பலகையில் எழுதிக்கொண்டிருந்த எனக்கு, பக்கத்தில் நின்று பார்க்கத் தோன்றவில்லை. அந்த ரேடியோ இப்போது ஷோகேஸில் ஊமையாக நிற்கிறது. என் மனைவி அதன்மேல் பூச்சாடி வைத்திருக்கிறாள்.

நம் பக்கத்தில் உதயம் தியேட்டர் மூடப்பட்டு இடிபட்டபோது எத்தனை பேர் கண்ணீர்ப் பதிவு போட்டீர்கள்! சீட்டு, டிக்கெட், போஸ்டர் எல்லாம் படமெடுத்தீர்கள். திரைக்குப் பின்னால் நின்று நமக்காகப் பேசிய ஸ்பீக்கர்கள் எங்கே போயின என்று ஒருவரும் எழுதி நான் பார்க்கவில்லை. வெளிநாட்டில் பழைய தியேட்டரின் வெஸ்டர்ன் எலெக்ட்ரிக் 555 டிரைவரைக் கோயில் விக்கிரகம் மாதிரி வைத்திருப்பவர்கள் உண்டு. 1926-ல் வந்த பொருள் அது. இங்கே அது காயலான் கடையில் கிலோ கணக்குதான்.

சரி, 89 பேட்ச் பையன் விஷயம். திட்டு வாங்கிய மறுநாளே கடைக்குப் போன் செய்திருக்கிறான். பழைய டிரைவர்கள் நான்கும் இன்னும் மூட்டையில்தான் கிடக்கின்றனவாம். ஒரு வூஃபரின் விளிம்பு மட்டும் கிழிசல், கோன் முழுசு. சனிக்கிழமை இருவரும் ரிச்சி ஸ்ட்ரீட் போகிறோம். மல்டிமீட்டர் நான் எடுத்துக்கொள்கிறேன். எட்டு ஓம் ஸ்பீக்கர் மீட்டரில் ஆறு, ஆறரைதான் காட்டும், பயப்படாதே என்று சொல்லியிருக்கிறேன். ஒன்றரை வோல்ட் பேட்டரியை அவன் கொண்டுவர வேண்டும். இரண்டு வூஃபரும் ஒரே பக்கம் நகர்கிறதா என்று கடையிலேயே வைத்துப் பார்த்துவிடலாம்.